கையில் பை இருக்கும்போது

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள். எடுத்தாலும் நான் கத்துவேன், நீங்கள் "ம்" கொட்டுவீர்கள், நடுவில் அண்ணன் போனை வாங்கி "சாப்பிட்டியா?" என்று கேட்பான். பேச்சு அத்தோடு முடிந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் அறிக்கை வந்து சேர்ந்தது. கிளை மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, செத்த எலியைத் தள்ளுவது மாதிரி ஒரு விரலால் அதை என் பக்கம் தள்ளினார். "தலைமை அலுவலகத்துல இருந்து வந்திருக்கு. உங்க கிளாஸுக்குப் பத்துக்கு நாலு போட்டிருக்காங்க." நாலு! முன்பு அந்த அறையில் பாடம் எடுத்தவர் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கே ஆறு கிடைத்தது.

என் வகுப்புக்கு வருகிறவர்கள் யார் என்று மதிப்பிட வந்த மூன்று நாளும் பார்த்தீர்களே. ராத்திரி டியூட்டி முடித்துவிட்டு நேராக வரும் நர்ஸ்கள். கண் சிவந்துபோய் வரும் வெல்டர். நாள் முழுக்க உயரத்தில் ஒண்டியாக உட்கார்ந்திருந்துவிட்டு வரும் கிரேன் ஓட்டுநர். நான் சொல்லிக்கொடுக்கிற வெளிநாட்டு மொழியில் தேர்வு எழுதித் தேறினால்தான் இவர்களுக்கு அந்த நாட்டில் வேலை. இவர்களை பெஞ்சில் உட்கார வைத்து வினைச்சொல் பட்டியல் வாசித்தால் இரண்டாவது சொல்லிலேயே குறட்டை கேட்கும். அதனால்தான் பெஞ்சுகளை எல்லாம் சுவரோரம் தள்ளினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அசைவு வைத்தேன். 'திற' என்றால் கதவைத் தள்ள வேண்டும். 'வலி' என்றால் விலாவை அழுத்த வேண்டும். 'நேற்று' என்றால் கை தோளுக்குப் பின்னால் போக வேண்டும். கேள்வியோடு பந்து பறக்கும், பிடித்தவர் பதில் சொல்லவேண்டும். நாங்கள் குதிக்கிற குதிக்கு, கீழ் மாடியில் இருக்கிற ஆடிட்டர் ஆபீஸில் கம்பால் கூரையை இடிக்கிறார்கள். அந்த இடியைக் கூட தாளமாக வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். ஒருத்தரும் தூங்கவில்லை. ஒருத்தரும் லீவு போடவில்லை.

நீங்கள் கை கழுவும் தொட்டி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, அந்தப் பெரிய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "அந்த மேடம் சிரிக்கவே மாட்டாங்களா மிஸ்?" என்று குட்டை நர்ஸ் என்னைக் கேட்டாள். வீட்டிலும் அப்படித்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. உறவைச் சொல்லாதே, இரண்டு பேருக்கும் கெட்ட பேர் என்று நீங்கள் முன்கூட்டியே வாயைக் கட்டியிருந்ததால் விழுங்கினேன்.

கடைசி நாள் நீங்கள் செய்தீர்களே ஒரு வேலை, அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ஒவ்வொருத்தராக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "இதக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்று அந்தப் பையைக் கொடுத்தீர்கள். அவர்களும் மரியாதைக்கு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். உடனே போனில் பதிவு செய்து வைத்திருந்த கேள்வியைப் போட்டுவிட்டீர்கள். கையில் அந்தக் கனத்தை வைத்துக்கொண்டு யாருக்கு வாய் வரும்? உள்ளே என்ன வைத்திருந்தீர்கள், செங்கல்லா?

பிறகு அறிக்கையில் எழுதுகிறீர்கள்: "மாணவர்கள் சொற்களைக் கையால் நினைவில் வைத்திருக்கிறார்கள். கை ஓய்ந்தால் சொல் வருவதில்லை. தேர்வுக்கு முன் இதைச் சரிசெய்யாவிட்டால் ஆபத்து." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீங்கள் ஆடக்கூட இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கூடத்தைக் கோணலாக்கிவிட்டீர்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. மதிப்பிட வந்தவர் என் சொந்த அண்ணி, குடும்ப மனக்கசப்பை மனதில் வைத்து மார்க் போட்டிருக்கிறார், அவர் சொல்லை ஏற்கக் கூடாது என்று இயக்குநருக்கு எழுதிவிட்டேன். வேறு யார் மூலமாவது நீங்கள் கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
நாலு மார்க் நாத்தனார்


பிப்ரவரி 24

பம்பரத்துக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே இயக்குநர் கூப்பிட்டுவிட்டார். எனவே நீயே முதலில் சொன்ன புண்ணியம் உனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது நான் அடித்தளத்தில் இருக்கிறேன். பழைய கேள்வித்தாள்களை மொழிவாரியாகப் பிரித்து அடுக்கும் வேலை. இங்கே ஜன்னல் கிடையாது. பக்கத்து மேஜையில் இருப்பவர் ஓய்வு பெற இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உறவை மறைத்தது என் தப்பு. அதை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். மறைக்காவிட்டால் உன் வகுப்பைப் பார்க்க என்னை அனுப்பியிருக்க மாட்டார்கள். ஏன் பார்க்க ஆசைப்பட்டேன் என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

பையில் செங்கல் இல்லை. அகராதிகள் இருந்தன. எந்த மொழி வகுப்புக்குப் போனாலும் தூக்கிக்கொண்டு போவேன். நீ சொல்லிக்கொடுக்கும் மொழி எனக்குத் தெரியாது. தெரியாதவரைத்தான் மதிப்பிட அனுப்புவார்கள், தெரிந்தவர் மொழியைப் பார்ப்பார், வகுப்பைப் பார்க்க மாட்டார் என்பது எங்கள் அலுவலகக் கணக்கு. அதனால் நான் உன் மாணவர்களின் உச்சரிப்பைப் பார்க்கவில்லை. கேள்வி வந்ததும் முகம் என்ன ஆகிறது, பதிலுக்கு எங்கே தேடுகிறார்கள் என்று பார்த்தேன். வகுப்பில் அவர்கள் பதிலைத் தேடியது பக்கத்தில் இருப்பவர் கையில். வராந்தாவில் அவர்கள் கையில் என் பை இருந்தது. குட்டை நர்ஸ் 'நேற்று' என்று சொல்வதற்குத் தோளைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தாள், பை கீழே விழப் பார்த்தது. எனக்குப் பாவமாக இருந்தது. அதையும் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

குடும்ப மனக்கசப்பு என்று எழுதியிருக்கிறாய். என்ன கசப்பு என்று எழுதினாயா? எல்லோரும் கூடியிருந்த அந்த மதியம், நீ நாற்காலி மேல் ஏறி என்னைப் போலப் பாடம் நடத்திக் காட்டினாயே, நினைவிருக்கிறதா? இல்லாத சாக்பீஸை விரலில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து. கடைசியில் "அண்ணி கிளாஸ்ல சுவத்துக் கடிகாரமே தூங்கிடும்" என்றாய். உன் அண்ணன் கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். அன்றிலிருந்து உங்கள் வீட்டில் எனக்குப் பெயர் கடிகாரம். சின்னப் பிள்ளைகள் கூட "கடிகார அத்தை" என்றுதான் கூப்பிடுகின்றன. அதற்கு அடுத்த வருடம்தான் நான் பாடம் எடுப்பதை விட்டுவிட்டு மதிப்பீட்டுக்கு வந்தேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று கேட்கிறவர்களிடம் சொல்லி வந்தேன். கேட்டவர்கள் அதிகம் இல்லை.

உன் மாணவர்களை ஒரு நாள் உட்கார வை. கையை மேஜை மேல் வைக்கச் சொல்லி ஒரு கேள்வி கேள். எனக்காக வேண்டாம்.

கடிகாரம்


ஏப்ரல் 5

அண்ணிக்கு,

நல்ல செய்தியைச் சொந்தக்காரர்களுக்குத்தானே முதலில் சொல்ல வேண்டும். புது மதிப்பீட்டாளர் வந்தார். அரை நாள்தான் இருந்தார், ஆனால் ஸ்டூலில் உட்காரவில்லை. கோட்டைக் கழற்றி ஜன்னலில் மாட்டிவிட்டுப் பந்து பிடித்தார். பத்துக்குப் பத்து. "உற்சாகம் அபாரம், எல்லாக் கிளைகளிலும் இந்த முறையைக் கொண்டுவரலாம்" என்று எழுதிவிட்டுப் போனார். மேலாளர் இப்போது எனக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார். ஆடிட்டர் ஆபீஸுக்கு அவரே கீழே இறங்கிப் போய்ச் சமாதானம் பேசிவிட்டு வந்தார்.

மே மாதம் தேர்வு. என் வகுப்பிலிருந்து ஏழு பேர் எழுதுகிறார்கள். நான்கு நர்ஸ், வெல்டர், கிரேன் ஓட்டுநர், ஒரு தச்சர். நர்ஸ்கள் நாலு பேருக்கும் அங்கே ஒரே மருத்துவமனையில் இடம் வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் வெல்டர் கையைச் சுட்டுக்கொண்டு தூளி கட்டி வந்தான். வகுப்பில் கொஞ்சம் திணறினான். 'நேற்று' வரவில்லை, 'நாளை' வரவில்லை. கட்டுப் பிரித்தால் சரியாகிவிடும். உங்களிடம் ஏன் இதைச் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

அண்ணனிடம் என் பத்து மார்க்கைச் சொல்லுங்கள். சொல்ல மாட்டீர்கள். நானே சொல்லிக்கொள்கிறேன்.

பம்பரம்


மே 28

அண்ணி,

இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

தேர்வுக் கூடத்தில் கண்ணாடித் தடுப்புகள். ஒவ்வொருவரும் ஒரு கூண்டில், காதில் ஹெட்போன், தலைக்கு மேலே கேமரா. என் ஏழு பேரும் ஒரே வரிசை. ஹெட்போனில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேள்வி. நோயாளிக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டதும் ஏழு கையும் விலாவுக்குப் போயிருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்டதும் ஏழு கையும் தோளுக்குப் பின்னால். கண்காணிப்பாளர் கேமராவில் இதைப் பார்த்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்? கையால் ஜாடை காட்டி ஒருத்தருக்கொருத்தர் விடை சொல்கிறார்கள் என்று பாதித் தேர்விலேயே ஏழு பேரையும் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார்கள். காப்பி அடித்ததாகப் பெயர். இரண்டு வருடத் தடை.

அவர்கள் தேர்வு எழுத முடியாது, வேலைக்கும் போக முடியாது. மருத்துவமனை செப்டம்பருக்கு மேல் காத்திருக்காது. தச்சர் வேலையை ராஜினாமா செய்துவிட்டுத்தான் தேர்வுக்கே போனார். குட்டை நர்ஸ் என் வீட்டு வாசல் வரை வந்தாள், உள்ளே வரவில்லை. "மிஸ், நாங்க காப்பி அடிக்கலன்னு நீங்களாவது நம்புறீங்கல்ல?" என்று கேட்டாள். அந்தக் கையை அப்படிப் போகச் சொன்னது நான்தானே.

தேர்வு வாரியத்துக்குப் போய்க் கத்தினேன். அது ஜாடை இல்லை, நான் பாடம் சொல்லிக்கொடுத்த விதம் என்றேன். "ஜாடையைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்னு நீங்களே ஒத்துக்கிறீங்களா?" என்று திருப்பிக் கேட்டார்கள். மேலாளர் இப்போது என்னைப் பார்த்து எழுந்திருப்பதில்லை. பந்து பிடித்தவருக்குப் போன் செய்தேன். "நான் கையைக் கவனிக்கலைங்க" என்று வைத்துவிட்டார். பந்து எதில் வந்து விழுந்தது என்று நினைத்தாரோ தெரியவில்லை.

தேர்வுக்கு முன்பே அந்தக் கைகளைப் பார்த்து, அது என்ன என்று எழுதி வைத்தவர் உலகத்தில் ஒருத்தர்தான். வெளியாள் ஒருவர் வகுப்பில் நேரில் பார்த்ததாக வாரியத்தில் வந்து சொன்னால் தடையை நீக்க விதி இருக்கிறதாம். ஜூன் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

நீங்கள் வருவீர்களா?

எனக்காக இல்லை என்று எழுத நினைத்தேன். நீங்கள் ஏற்கெனவே அந்த வாக்கியத்தை எழுதிவிட்டீர்கள்.


ஜூன் 3

பம்பரத்துக்கு,

வர மாட்டேன்.

என் சொல்லை ஏற்கக் கூடாது என்று நீதான் எழுதினாய். அடித்தளத்தில் உட்கார்ந்து கேள்வித்தாள் அடுக்குகிறவள் சொல்லி யார் கேட்பார்கள்? எச்சில் பட்ட சோறு என்று தள்ளிவிட்டு, பசி வந்ததும் தட்டைத் தேடினால் எப்படி?

உன் அண்ணன் உன் கடிதத்தைப் படித்தார். மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.


ஜூன் 15

பம்பரத்துக்கு,

போனேன்.

அந்தத் தச்சர் ராஜினாமா செய்ததை நீ எழுதியிருக்கக் கூடாது. அவர் என் பையை வாங்கியதும் எடை பார்த்து, "இதுக்கு அடியில ஒரு பலகை வெச்சுத் தைச்சா வார் அறுந்துபோகாது மேடம்" என்றவர். லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினேன். உனக்குச் சொல்லவில்லை. உன் ஊருக்கு வந்து உன் வீட்டுக்கு வராமல் திரும்பினேன்.

வாரியத்தில் ஒரு பெண் அதிகாரி. மரியாதையான மனுஷி, நாற்காலி போட்டார். வகுப்பில் பார்த்ததை எல்லாம் சொன்னேன். எந்தச் சொல்லுக்கு எந்தக் கை என்று செய்தும் காட்டினேன். அவர் வீடியோவை ஓட்டி ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் பொருந்தியது. பேனாவை எடுத்துவிட்டார். எழுதப் போகிற நேரத்தில், "நீங்க அந்த டீச்சருக்கு உறவா?" என்று கேட்டார். இரண்டாம் தடவையும் மறைக்க மனம் வரவில்லை. அண்ணி என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கோப்பைத் திறந்தார். பயிற்சி நிலையம் உன் புகாரையும் அவர்களுக்கு அனுப்பியிருக்கிறது. அதை எனக்கு வாசித்துக் காட்டினார். நீ எனக்கு எழுதியதை விட அதில் கொஞ்சம் கூடுதலாகவே எழுதியிருக்கிறாய். "இவர் சொல்லை எந்த விஷயத்திலும் நம்பக் கூடாது." எந்த விஷயத்திலும் என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தாய். அவருக்கே சங்கடமாக இருந்தது. "உங்க நாத்தனாரே எழுதிக் குடுத்திருக்காங்களேம்மா. அன்னிக்குக் கோவத்துல கொறைச்சுச் சொன்னவங்க இன்னிக்குப் பாசத்துல கூட்டிச் சொல்ல மாட்டாங்கன்னு நான் எப்படி எழுதறது?"

பாசம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அவர் தப்பாக எடுத்துக்கொண்டார்.

ஒரே ஒரு வழி இருக்கிறது என்றார். புகார் கொடுத்தவரே அது ஆதாரமில்லாத புகார் என்று எழுதிக் கொடுத்தால் என் சாட்சியை ஏற்றுக்கொள்வார்களாம். அப்படி எழுதினால் உனக்கு என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். மதிப்பீட்டாளர் மேல் பொய்ப் புகார் கொடுத்தால் வேலை போய்விடும். மன்னிப்புக்கு அங்கே இடமில்லை.

இதைச் சொல்லாமல் விட்டால் ராத்திரி தூக்கம் வராது, அதனால் இதையும் எழுதுகிறேன். உன் புகார் முழுப் பொய் இல்லை. கைகளைப் பற்றி நான் எழுதிய வாக்கியத்தில் ஒரு சொல்லைக் கூட மாற்ற மாட்டேன். அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு, வேறு ஒருத்தி வகுப்பாக இருந்தால் ஏழு போட்டிருப்பேன். உன் வகுப்புக்கு நாலு போட்டேன். நீ நடுவில் நின்று குதித்துக்கொண்டிருந்தாய், எல்லோரும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணில் தூக்கம் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. அந்த மூன்று மார்க் கடிகாரத்துடையது.

எனவே ஆதாரமில்லை என்று நீ எழுதினால் அது பொய். எழுது என்று நான் சொல்ல மாட்டேன். எழுதாதே என்றும் சொல்ல மாட்டேன்.


ஜூன் 22

அண்ணி,

நீங்கள் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

வயிறு எரிந்து மூன்று மார்க்கைப் பிடுங்கிக்கொண்டேன் என்று ஒத்துக்கொள்கிறீர்கள். அந்தக் கையோடே, அதைப் பொய்யென்று எழுத ஒரு வழி இருக்கிறது என்கிறீர்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது உங்களுக்குத்தான் வரும். நீங்கள் பொறாமையில்தான் செய்தீர்கள் என்று நான் அன்றைக்கே சொன்னேன். இன்றைக்கு உங்கள் கையெழுத்திலேயே அதை வைத்துக்கொண்டு, யாரிடமும் காட்ட முடியாமல் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

கடிகாரம் என்று சொன்னதை நான் மறந்தே போயிருந்தேன். அதுதான் உண்மை. நாற்காலியில் ஏறியது நினைவிருக்கிறது, எல்லோரும் சிரித்தது நினைவிருக்கிறது, உங்கள் முகம் மட்டும் நினைவில் இல்லை. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

வெல்டர் கையில் கட்டோடு வந்த அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. அவன் கண்ணை மூடி, தூளிக்குள் விரலை அசைத்து அசைத்துச் சொல்லைத் தேடினான். நீங்கள் சொன்ன அதே விஷயம்தான். கையை மேஜை மேல் வைக்கச் சொல்லி ஒரே ஒரு நாள் பழக்கியிருக்கலாம். உங்கள் யோசனையாயிற்றே, அதை எப்படிச் செய்வது? பத்துக்குப் பத்து வாங்கியவள் நாலு போட்டவள் பேச்சைக் கேட்பாளா?

இன்று காலை மேலாளர் அறையிலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். "என் அண்ணியின் அறிக்கை நேர்மையானது. அதில் விரோதம் எதுவும் இல்லை. என் புகாருக்கு ஆதாரம் இல்லை." மூன்று வாக்கியத்தில் நடுவில் இருப்பது பொய் என்று உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். "யோசிச்சுத்தான் எழுதுறீங்களா?" என்று மேலாளர் கேட்டார். பேனா மூடியைத் தொலைத்துவிட்டேன், இனி மூடி வைக்க முடியாது என்றேன்.

நான் படி இறங்கும்போதே பெஞ்சுகளை அறை நடுவுக்கு இழுக்கிற சத்தம் கேட்டது. ஆடிட்டர் ஆபீஸில் இருந்து ஒருத்தர் வெளியே வந்து, "இன்னைக்கு என்ன இவ்ளோ அமைதியா இருக்கு?" என்றார்.

உண்மையை எழுதி உங்களை அடித்தளத்துக்கு அனுப்பினேன். பொய்யை எழுதி உங்களை மேலே ஏற்றிவிட்டு நான் தெருவுக்கு வந்திருக்கிறேன். உங்கள் வேலை திரும்பக் கிடைக்கும். அதற்காக நான் எழுதவில்லை. தயவுசெய்து நன்றி சொல்லி எழுதாதீர்கள். மாணவர்களுக்கும் இதெல்லாம் தெரிய வேண்டாம்.

இனி நான் எழுத மாட்டேன்.


செப்டம்பர் 14

பம்பரத்துக்கு,

நன்றி சொல்ல எழுதவில்லை.

நீ பதில் எழுதாததால் நடுவில் நான் போட்ட கடிதங்கள் வந்து சேர்ந்தனவா என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள். ஏழு பேருக்கும் தடை நீங்கியது. ஆகஸ்டில் மறுதேர்வு வைத்தார்கள். ஐந்து பேர் தேறினார்கள். வெல்டரும் கிரேன் ஓட்டுநரும் தேறவில்லை. நர்ஸ்களில் மூன்று பேருக்குத்தான் அந்த மருத்துவமனையில் இடம் மிச்சம் இருந்தது. நான்காவது இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அந்த நான்காவது ஆள் குட்டை நர்ஸ். ஏழு பேரில் அதிக மார்க் வாங்கியவள் அவள்தான்.

சான்றிதழ் வாங்கத் தலைமை அலுவலகத்துக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்துபோய் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் மறுபடி பையைக் கொடுத்துவிடுவேன் என்று நினைத்தாள் போல. டீ வாங்கிக் கொடுத்துப் பேச வைத்தேன். "மறுதேர்வுக்கு மிஸ் வீட்டுலதான் மேடம் படிச்சோம். ரெண்டு கையிலயும் தண்ணி பக்கெட்டக் குடுத்துட்டுத்தான் கேள்வி கேப்பாங்க. ஒரு சொட்டு சிந்துனா திரும்ப மொதல்ல இருந்து. தரையெல்லாம் ஒரே தண்ணி. அவங்கதான் தொடைப்பாங்க." என் பையை நீ பக்கெட் ஆக்கிவிட்டாய். அதில் கூட என்னை விட அதிகமாக ஆட்டம் போட்டிருக்கிறாய். ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

நீ நீச்சல் குளத்தில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறாய் என்று உன் அண்ணன் சொன்னார். கண்ணாடிக் கூண்டுக்குள் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற வேலையாம். அவர் உன்னைப் பார்க்க வந்தபோது, கூண்டுக்குள் நீ காலை ஆட்டிக்கொண்டே இருந்தாயாம். திரும்பி வந்த மூன்றாம் நாள் தட்டைக் கழுவிக்கொண்டே, "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார். எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. தட்டு சரியாகக் கழுவவில்லை, நான் மறுபடி கழுவினேன்.

எனக்குப் பழைய வேலையே கிடைத்துவிட்டது. முதல் வேலையாக எங்கே அனுப்பினார்கள் என்று நினைக்கிறாய்? உன் அறைக்குத்தான். உன் இடத்தில் வந்திருப்பவர் நல்ல மனிதர், இருமல்காரர். பெஞ்சுகள் நேர் வரிசையில் இருக்கின்றன. எல்லோர் கையும் மேஜை மேல்தான் இருக்க வேண்டும் என்பது புது விதி. மதிப்பீட்டுத் தாளில் 'கை ஒழுங்கு' என்று ஒரு பகுதியே சேர்த்திருக்கிறார்கள். என் வாக்கியத்தைப் படித்துவிட்டுத்தான் சேர்த்தார்களாம். நான் எழுதியது அதற்காகவா? யாரிடம் போய்ச் சொல்வது? கைகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. மூன்றாவது வரிசையில் ஒருத்தி மேஜை மேல் கையை வைத்தபடியே தூங்கினாள். ஆடிட்டர் ஆபீஸில் யாரோ பேப்பர் திருப்புகிற சத்தம் மேலே கேட்டது.

நான் அதே தொட்டி பக்கத்தில், அதே ஸ்டூலில் உட்கார்ந்தேன். பையைத் தரையில் வைத்திருந்தேன். ஆசிரியர் பலகையில் 'நேற்று' என்று தமிழில் எழுதிவிட்டு, இதற்கு அந்த நாட்டு மொழியில் என்ன என்று கேட்டார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவர் இருமிவிட்டு இன்னொரு தடவை கேட்டார். என் வலது கை தானாகத் தோளுக்குப் பின்னால் போனது. அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்துவிட்டது. சத்தமாகவே வந்தது. வகுப்பு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. தூங்கினவளும் எழுந்துவிட்டாள்.

எனக்கு அந்த மொழி தெரியாது என்பதுதான் அங்கே என் தகுதி. மூன்று நாள் தொட்டி ஓரத்தில் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கே நீ அதையும் கெடுத்துவிட்டாய்.

அன்று மாலை பஸ்ஸுக்கு நிற்கும்போது சோதித்துப் பார்த்தேன். இரண்டு கையாலும் பையைத் தூக்கிக்கொண்டு 'நேற்று' என்று சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. பையை இறக்கினேன், வந்தது. 'திற' வந்தது, 'வலி' வந்தது. பக்கத்தில் நின்றவர் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. உனக்கும் போயிருக்காது. மன்னிப்பு, சமாதானம் என்று நீ எதையும் எழுத வேண்டாம். பக்கெட் எவ்வளவு பெரியது, எதுவரை தண்ணீர் நிரப்ப வேண்டும் என்று மட்டும் எழுது.

கடிகாரம்